கட்டுப்பாட்டு டவர் இல்லாத விமான நிலையத்தில் யார் யாருக்கு வழிவிட வேண்டும்? விமானிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலில் வந்தவருக்கே வழி என்று நினைத்துக்கொள்வது முதல் தவறு. அமெரிக்க விமானப் போக்குவரத்து விதி 91.113 அப்படிச் சொல்லவில்லை. குறுக்காக நெருங்கும் ஒரே வகை விமானங்களில் வலப்பக்கம் இருப்பதற்கே முன்னுரிமை. நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். முந்துகிறவரும் வலப்பக்கமாகவே விலகிப் போக வேண்டும்.

பலரும் பாதி மட்டும் நினைவில் வைத்திருப்பது தரையிறங்கும் விதியை. இறங்க வரும் இரண்டில் தாழ்வாக இருப்பதற்கு முன்னுரிமை என்பது சரி. ஆனால் அதைக் காட்டி, ஃபைனலில் (ஓடுபாதைக்கு நேராக இறங்கி வரும் கடைசிப் பகுதி) இருப்பவரின் முன்னால் புகுவதையும் அவரை முந்துவதையும் அதே விதி தடுக்கிறது. ஆகவே பேஸில் (ஃபைனலுக்குத் திரும்புமுன் குறுக்காகப் பறக்கும் பகுதி) சட்டென்று உயரத்தைக் குறைத்துக் குறுக்கே நுழைந்தால் முன்னுரிமை கிடைத்துவிடாது. அதேபோல, இறங்கி ஓடுபாதையை விட்டு விலகிக்கொண்டிருப்பவரை ஃபைனலில் வருபவர் விரட்டக் கூடாது. இடம் போதாவிட்டால் கோ-அரவுண்ட் செய்துவிடுங்கள், அதாவது இறங்காமல் மீண்டும் மேலேறிவிடுங்கள்.

ரேடியோவை முழுதாக நம்புவது இன்னும் ஆபத்தானது. 1996 நவம்பர் 19 அன்று இல்லினாயின் குயின்சியில், இறங்க வந்த பீச் 1900 பயணிகள் விமானத்தின் விமானிகள், குறுக்கு ஓடுபாதையில் நிற்கும் விமானம் (அது ஒரு கிங் ஏர்) காத்திருக்குமா என்று கேட்டார்கள். பதில் சொன்னது கிங் ஏருக்குப் பின்னால் நின்ற செரோக்கி என்ற சிறு விமானம். அந்தப் பதிலின் ஒரு பகுதியை காக்பிட்டின் உயர அறிவிப்புக் குரல் மூழ்கடித்தது. கிங் ஏர்தான் பேசியது என்று பீச் விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். கிங் ஏரோ புறப்பட்டு ஓடத் தொடங்கியிருந்தது. ஓடுபாதைகள் வெட்டும் இடத்தில் மோதி, இரண்டிலும் இருந்த 14 பேரும் இறந்தார்கள்.

அதனால் சுமார் 10 மைல் தொலைவிலிருந்தே அறிவியுங்கள்: விமான வகை, இடம், உயரம், எந்த ஓடுபாதை. ஒரே அலைவரிசையைப் பல விமான நிலையங்கள் பகிர்வதால், நிலையத்தின் பெயரைத் தொடக்கத்திலும் முடிவிலும் சொல்லுங்கள். “யாராவது இருக்கிறீர்களா, சொல்லுங்கள்” என்று பொதுவாகக் கேட்க வேண்டாம். எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் எதுவும் காதில் விழாது. பதிலே வராவிட்டாலும் வானம் காலி என்று அர்த்தமில்லை. டவர் இல்லாத பல நிலையங்களில் ரேடியோ இல்லாத விமானமும் சட்டப்படியே பறக்கலாம்.

கடைசியில் கண்தான் துணை. 10 டிகிரி அளவுள்ள ஒவ்வொரு பகுதியிலும் ஒரு விநாடியாவது பார்வையை நிறுத்துங்கள். காக்பிட் ஜன்னல் கண்ணாடியில் நகர்ந்து செல்லும் விமானத்தைவிட, ஒரே இடத்தில் நின்றபடி மெல்லப் பெரிதாகும் புள்ளிதான் மோத வருவது. மேல் இறக்கை விமானம் (உடலுக்கு மேலே இறக்கை உள்ளது) திரும்பும்போது, திரும்பும் பக்கத்தையே இறக்கை மறைத்துவிடும்; திரும்புமுன் அந்த இறக்கையைச் சற்று உயர்த்திப் பாருங்கள். ஃபைனலில் கீழ் இறக்கை விமானம் மேலேயும் மேல் இறக்கை விமானம் கீழேயும் வந்தால், இருவருக்குமே மற்றவர் தெரியமாட்டார்.