வளர்ந்த நாய் வீட்டுக்குள் உச்சா போக ஆரம்பித்தால்

ஃபீனாயில் பாட்டிலைத் தொடுவதற்கு முன்னால் தரையைப் பாருங்கள். எங்கே, எவ்வளவு, எந்த நேரத்தில் என்று ஒரு காகிதத்தில் குறித்து வையுங்கள். டாக்டர் கேட்கப்போகிற முதல் கேள்விகள் அவைதான்.

எங்கள் கருப்பி நாட்டு நாய், ஒன்பது வயது, கருத்தடை செய்தது. வியாசர்பாடியில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. விடியற்காலையும் ராத்திரியும் கீழே இறங்கிப் போய்த்தான் அதற்குப் பழக்கம். அப்படிப்பட்டது தூங்கி எழுந்த இடத்தில் வட்டமாக ஈரம். "எல்லாம் கொழுப்பு" என்றார் மாமியார். தூக்கத்தில் கசிவது நாய்க்கே தெரியாது, அதில் கொழுப்பு எங்கிருந்து வந்தது? கருத்தடை செய்த பெண் நாய்களுக்கு வயது ஏறும்போது இது அடிக்கடி வரும். குழாயில் வாஷர் தேய்ந்த மாதிரி மூத்திரப்பையின் வாய்ப்பகுதித் தசை தளர்ந்துவிடுகிறது. பெரும்பாலான நாய்களுக்கு மாத்திரையில் கட்டுப்படும்.

ஈரம் வேறு மாதிரி இருந்தால் காரணமும் வேறு. அடிக்கடி உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் போனாலோ, ரத்தம் கலந்திருந்தாலோ கிருமித் தொற்றாகவோ கல்லாகவோ இருக்கலாம். குளம் மாதிரி தேங்கி, தண்ணீர்க் கிண்ணமும் சீக்கிரம் காலியானால் சர்க்கரை, சிறுநீரகம் இரண்டையும் பார்க்க வேண்டும். அரிப்புக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகூட இப்படிச் செய்யும். நாளெல்லாம் பாட்டிலால் அளந்து ஊற்றிப் பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது 15 கிலோ நாய் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்தால் அது அதிகம். அதற்காகத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். ஆண் நாய் வாசல் கதவிலும் கேஸ் சிலிண்டரிலும் காலைத் தூக்கிக் கொஞ்சமாக அடித்தால் அது இடம் குறிப்பது. கிழட்டு நாய்க்கு முட்டி வலியாகவும் இருக்கலாம், மாடிப்படி இறங்க முடியாமல் அடக்கி அடக்கிக் கடைசியில் உள்ளேயே போய்விடும்.

இரண்டு விஷயத்தில் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. முக்கியும் ஒரு சொட்டுகூட வராதது ஒன்று. இன்னொன்று, கருத்தடை செய்யாத பெண் நாய் இணை சேரும் பருவம் முடிந்து ஓரிரு மாதத்துக்குள் சோர்ந்துபோய் நிறையத் தண்ணீர் குடிப்பது. அது கருப்பையில் சீழாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்து.

டாக்டரிடம் போகும்போது காலை முதல் சிறுநீரைக் கொண்டுபோங்கள். ஆண் நாய்க்குக் குழிக்கரண்டி போதும். பெண் நாய் தாழ உட்காரும் என்பதால் பழைய தட்டை மெதுவாக அடியில் நீட்ட வேண்டும். டீக்கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சுத்தமான பாட்டிலில் ஊற்றி ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள், தாமதமானால் ஃபிரிட்ஜில் வையுங்கள். நம் பக்கத்துக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிதான் கிட்டே. 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கிற ஆன்டிபயாடிக்கை மட்டும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

சரி, தரைக்கு வருவோம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மழைக்குத் தண்ணீர் தேங்குகிற ஏரியா நம்முடையது, எலிக்காய்ச்சல் கிருமி நாயின் மூத்திரத்திலும் வரும். வருடாந்திரத் தடுப்பூசியில் அதுவும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அப்புறம் நாய்ப் பொருட்கள் கடையில் கிடைக்கிற என்சைம் திரவத்தை ஊற்றி, பாட்டிலில் போட்டிருக்கிற நேரம் வரை ஊறவிடுங்கள். டைல்ஸ் இடுக்கில் இறங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் தாராளமாக ஊற்றலாம். ஃபீனாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும். அடியில் இருக்கிற வாடையை நாய் கண்டுபிடித்து அதே இடத்துக்குத் திரும்ப வரும்.

வெள்ளத்துக்குப் பிறகு எல்லார் வீட்டிலும் பிளீச்சிங் பவுடர் இருக்கும். அதை மூத்திரத்தின் மேல் நேரடியாகத் தூவாதீர்கள், நெஞ்சை அடைக்கிற வாயு வரும். பாத்ரூம் ஆசிட்டோ வினிகரோ அதோடு கலந்தால் இன்னும் மோசம். மொசைக் தரையில் வினிகர் தனியாகவும் வேண்டாம், பளபளப்பு போய்விடும்.

அடிப்பது, மூக்கை அதில் வைத்துத் தேய்ப்பது இதெல்லாம் வேண்டாம். கட்டிலுக்கு அடியில் ஒளிந்து போகத்தான் அது கற்றுக்கொள்ளும். பாதியில் பார்த்துவிட்டால் சத்தம் போடாமல் வெளியே கூட்டிப் போங்கள், அங்கே போனதும் ஒரு பிஸ்கெட். படுக்கும் முன் ஒரு தடவை கீழே இறக்கிவிடுங்கள். தீபாவளி சமயத்தில் இருட்டுவதற்குள், வெடிச் சத்தம் தொடங்கும் முன்பே முடித்துவிட வேண்டும்.

கருப்பியின் பாயில் குழந்தைகளுக்குப் போடுகிற ரப்பர் ஷீட்டை விரித்து, மேலே பழைய லுங்கி ஒன்றைப் போட்டிருக்கிறேன். லுங்கி நனைந்தால் உடனே மாற்றிவிடுவேன், ஈரத்திலேயே கிடந்தால் பின்னங்கால் தொடை வெந்து புண்ணாகிவிடும். மாத்திரை தினமும் சாதத்தோடு போகிறது. கசிவு நின்றுவிட்டதே என்று நாமாக நிறுத்தினால் திரும்ப வந்துவிடும், அளவைக் குறைப்பதென்றாலும் டாக்டரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.