நீங்களே எழுதிய மென்பொருளை டெபியன் பேக்கேஜ் ஆக்கும்போது கிட் கிளைகளை எப்படி வைப்பது

தோட்டத்துக் கொழுந்து நிறுவைக் கணக்குக்காக ஒரு சின்ன மென்பொருள் எழுதி வைத்திருக்கிறேன். ஹட்டன் பக்கம் இரண்டு மூன்று அலுவலகக் கணினிகளில் ஓடுகிறது, எல்லாமே டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில். எழுதுவதும் நான், பேக்கேஜ் பண்ணுவதும் நான், பிறகு எதற்கு கிட்டில் தனிக்கிளை (ஒரே நிரலின் தனி வரிசை) என்று, பேக்கேஜ் கட்டும் விவரங்கள் இருக்கும் 'டெபியன்' ஃபோல்டரையும் மெயின் கிளையிலேயே போட்டிருந்தேன். ஒருநாள் அந்த ஃபோல்டரின் கன்ட்ரோல் கோப்பில் விட்டுப்போன ஒரு டிபென்டன்சியை (கூடவே நிறுவ வேண்டிய வேறொரு பேக்கேஜை) சேர்க்க, நிரலில் ஒரு எழுத்தும் மாறாமல் 1.2 ஐ 1.3 ஆக்கி வெளியிட வேண்டி வந்தது. "புதுசா வந்திருக்கே தம்பி, அரைப் பேர் கணக்கு சரியாயிருச்சா?" என்று கிளாக்கர் ஐயா அரைநாள் சம்பளக் கணக்கைப் பற்றிக் கேட்டபோது என்ன சொல்வது?

அதனால் மெயினில் நிரல் மட்டும் இருக்கட்டும். பேக்கேஜுக்கு 'டெபியன்/லேட்டஸ்ட்' என்று ஒரு கிளை. இந்தப் பெயர் டெபியன் பேக்கேஜ் கிளைகளுக்கான டெப்-14 என்ற பரிந்துரையில் உள்ளது, பிறகு யாராவது உதவிக்கு வந்தாலும் தேட வேண்டியதில்லை. மெயினில் வேலை முடிந்ததும் 'வி1.3' என்று டேக் (அந்த நிலைக்கு ஒரு பெயர்) போடுங்கள், பேக்கேஜ் கிளைக்குப் போய் அந்த டேக்கை மெர்ஜ் செய்து இணையுங்கள் (மெயினின் நுனியை அல்ல, அதில் அரைகுறை வேலை கிடக்கலாம்), சேஞ்ச்லாகில் (பேக்கேஜின் மாற்றக் குறிப்புக் கோப்பில்) 1.3-1 என்று எழுதுங்கள்: கோட்டுக்கு முன் நிரலின் பதிப்பு, பின் பேக்கேஜின் எண். பேக்கேஜில் மட்டும் பிழை என்றால் அதே கிளையில் திருத்தி 1.3-2. மெயின் பக்கமே போக வேண்டாம்.

மெர்ஜ் எப்போதும் மெயினிலிருந்து பேக்கேஜ் கிளைக்குத்தான், ஒருதடவைகூட மறுபக்கம் போகக்கூடாது. போனால் டெபியன் ஃபோல்டர் மெயினுக்குள் வந்துவிடும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். பேக்கேஜ் கட்டும்போது நிரலில் பிழை கண்ணில் பட்டால் அங்கேயே கை வைக்கத் தோன்றும். '3.0 குவில்ட்' என்ற மூலப் பேக்கேஜ் வடிவத்தில் அப்படிச் செய்தால், அதைக் கட்டும் டிபிகேஜி-சோர்ஸ் முறைத்துக்கொண்டு நின்றுவிடும். அடுத்தவர் மென்பொருள் என்றால் பேட்ச் (திருத்தத்தைத் தனிக் கோப்பாக) போடலாம், இது உங்களுடையதுதானே, மெயினில் திருத்தி 1.3.1 வெளியிடுங்கள்.

கிட்டிலிருந்தே பேக்கேஜ் கட்டும் கிட்-பில்ட்பேக்கேஜ் என்ற கருவியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அது மூல டேக்கை 'அப்ஸ்ட்ரீம்/1.3' என்றுதான் தேடும். உங்கள் டேக்கின் வடிவத்தையும் பேக்கேஜ் கிளையின் பெயரையும் அதன் கான்ஃப் (அமைப்புகள்) கோப்பில் சொல்லிவிடுங்கள். 1.3-1 க்கு உருவாக்கிய டார் கோப்பையே (மூல நிரலின் கட்டு) 1.3-2 க்கும் வைத்துக்கொள்ள வேண்டும். மறுபடி உருவாக்கினால் உள்ளடக்கம் ஒன்றாக இருந்தும் பைட் மாறலாம், மாறினால் பேக்கேஜ் ஆர்க்கைவ் (பேக்கேஜ் களஞ்சியம்) ஏற்காது. அதே டாரைப் பைட் மாறாமல் திரும்ப எடுத்துத்தரும் பிரிஸ்டீன்-டாரை இயக்கிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

ஒரு கணினி இன்னும் டெபியன் 12 (புக்வோர்ம்) இல் இருக்கிறதா? 'டெபியன்/புக்வோர்ம்-பேக்போர்ட்ஸ்' என்று பழைய வெளியீட்டுக்கான இன்னொரு கிளை எடுத்து, பதிப்பை 1.3-1~பிபிஓ12+1 என்று வையுங்கள். அந்த அலைக்குறி இருப்பதால் இது 1.3-1 ஐவிடக் கீழாகக் கணக்காகும், ஆகவே கணினி 13 க்கு மாறும்போது சரியான பேக்கேஜ் தானாக வந்துவிடும். கிட் டேக்கில் அலைக்குறி செல்லாது, அந்த இடத்தில் அடிக்கோடு போடுவார்கள்.

எல்லாரும் 13 க்கு வந்ததும் அந்தக் கிளையைக் கவ்வாத்து வெட்டிவிடுங்கள். டேக் இருந்தால் போதும், வேண்டியபோது அதிலிருந்தே மறுபடி கிளை எடுக்கலாம். சர்வரிலும் அழித்துவிட்டு, மற்ற லேப்டாப்பில் ஃபெட்ச் செய்யும்போது புரூன் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் பழைய பெயர் அங்கே காட்டிக்கொண்டே இருக்கும்.