பூப்போட்ட தாளில் ஒரு பொங்கல் வாழ்த்து அட்டை

படம் வரைய வராது என்று தயங்குகிறவர்களுக்குத்தான் இந்தச் செய்முறை. எனக்கும் வராது. ஆனால் நல்ல பூப்போட்ட தாள் ஒன்று கையில் இருந்தால் பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். அதில் ஒரு பொங்கல் பானையை வெட்டி, இரண்டு கரும்போடு அட்டையில் ஒட்டப் போகிறோம். நாம் நேராக வெட்டி, ஒழுங்காக மடித்து ஒட்டினால் போதும்.

முதலில் தாள். கிஃப்ட் பேப்பர் போதும், ஆனால் மெல்லியதாக இருக்கும். புதுச்சேரிப் பக்கம் போனால் அரவிந்தர் ஆசிரமத்தின் கையால் செய்த தாள் கிடைக்கும். அதில் மார்பிள் தாள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நீரில் மிதக்கும் வண்ணத்தின் மேல் தாளைப் படியவைத்து எடுப்பதால் ஒன்று போல் இன்னொன்று அமையாது. காசு செலவழிக்க வேண்டாம் என்றால் பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் தேடுங்கள். பார்டரும் கொடியும் ஜரிகை மாதிரி மின்னும். சாமி படம் இருக்கிற பக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், வீட்டில் திட்டு விழும்.

அட்டையோ உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதனால் தாளில் பூ சின்னதாக இருக்க வேண்டும். செய்தித்தாளில் பானை அளவுக்கு ஓட்டை ஒன்று போட்டு, அதைப் பூத்தாளின் மேல் நகர்த்திக்கொண்டே பாருங்கள். எந்த இடம் அழகு என்று தானாகத் தெரியும்.

மற்றபடி 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு) வெள்ளை ஏ4 அட்டை ஒன்று, கரும்புக்குக் கரு ஊதா தாள், தோகைக்குப் பச்சை, ஸ்டீல் ஸ்கேல், கட்டர், கத்தரிக்கோல், குச்சிப் பசை, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா. இவ்வளவுதான்.

மடிப்பு

ஏ4 அட்டையின் நீளம் 297 மி.மீ. அதைச் சரிபாதியாக, 148.5 மி.மீட்டரில் வெட்டினால் இரண்டு துண்டு. ஒவ்வொன்றின் 210 மி.மீ. பக்கத்தையும் நடுவில் மடித்தால் 105 மி.மீ. அகலத்தில் ஓர் அட்டை. ஒரு தாளுக்கு இரண்டு வாழ்த்து.

மடிப்பதற்கு முன் ஒரு விஷயம். மில்லில் செய்த அட்டையில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும். துண்டை நீளவாக்கில் ஒரு முறை, அகலவாக்கில் ஒரு முறை லேசாக வளைத்துப் பாருங்கள். எந்த வளைவு சுலபமாக வருகிறதோ, அதில் மடிப்புக் கோடு விழும் திசையில்தான் நார் ஓடுகிறது. அதற்கு இணையாக மடித்தால் மடிப்பு வழவழப்பாக வரும், குறுக்கே மடித்தால் விரிந்து வெடிக்கும். ஏ4 தாளில் நார் வழக்கமாக நீளவாக்கில்தான் இருக்கும். அப்படியென்றால் மேலே சொன்ன மடிப்பு சரியாகப் பொருந்திவிடும்.

ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பேனாவால் நடுக்கோட்டில் அழுத்தி ஒரு முறை இழுங்கள். பள்ளம் விழும். அப்புறம் மடித்து, கரண்டியின் பின்புறத்தால் தேய்த்துவிடுங்கள்.

பானையும் கரும்பும்

பூத்தாளைப் பின்புறம் வெளியே தெரிகிறபடி மடித்து, மடிப்பை ஒட்டி அரைப் பானை வரையுங்கள். உயரம் 6 செ.மீ., அரை அகலம் 3 செ.மீ. வெட்டி விரித்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். கழுத்துக்குத் தனியாக ஒரு பட்டை.

கரும்புக்கு ஊதாத் தாளில் 6 மி.மீ. அகலம், 12 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டைகள். நீளமாக அப்படியே ஒட்டினால் குச்சி மாதிரிதான் தெரியும். இரண்டு செ.மீட்டருக்கு ஒரு துண்டாக நறுக்கி, நடுவே மயிரிழை இடைவெளி விட்டு வரிசையாக ஒட்டுங்கள். வெள்ளைக் கோடுகள் கணுவாகிவிடும்! தோகையை நீளக் கூராக வெட்டி, நடுவில் மடித்து, அடிப்பாகம் மட்டும் ஒட்டுங்கள். கொஞ்சம் எழும்பி நிற்கும்.

ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் சும்மா அடுக்கிப் பார்த்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கரும்பும் மேலே சாய்ந்து சேரட்டும், கீழே நடுவில் பானை. பின்னணியில் வேறு பூத்தாள் வேண்டாம். பானையில் பூ இருக்கும்போது சுற்றிலும் வெறுமையாக இருந்தால்தான் பானை தெரியும். மினுக்கு, பாசி, சமிக்கி என்று சேர்க்கக் கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

என் முதல் அட்டைக்கு வெள்ளைப் பசையைத் தாராளமாகத் தடவினேன். காலையில் பார்த்தால் பொரித்த அப்பளம். ஈரத்தில் தாள் விரிந்து, காய்கையில் சுருங்கி, அட்டையையும் சேர்த்து இழுத்துவிட்டது. அதனால்தான் குச்சிப் பசை. ஓரம் வரை தடவி, நடுவிலிருந்து வெளியே நீவி, மேலே சுத்தமான தாள் வைத்து, தடித்த புத்தகத்தின் அடியில் ஓர் இரவு வையுங்கள். தோகையை மட்டும் இதற்குப் பிறகு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் நசுங்கிவிடும்.

வாழ்த்தை நேராக அட்டையில் எழுதாமல், சற்றுச் சின்னதாக வெட்டிய சாதாரண வெள்ளைத் தாளை மடித்து, மடிப்பை ஒட்டி ஒரே கோடு பசையால் உள்ளே ஒட்டுங்கள். எழுதியபின் ஒட்டினால் இன்னும் நல்லது. பிழை வந்தால் தாள்தான் போகும், பானை தப்பிக்கும்.

இந்த அளவுக்குச் சி6 கவர், அதாவது 114 × 162 மி.மீ., சரியாக இருக்கும். மிஞ்சிய பூத்தாள் துண்டு இருந்தால் கவரின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.