சூரியன் இருண்டதாகச் சொன்னால் என்ன பொருள்? யூத, கிறிஸ்தவ வெளிப்பாட்டு மொழியை வாசிக்கப் பழகுவோம்

சூரியன் இருளும், நட்சத்திரங்கள் விழும் என்று மாற்கு 13:24-25இல் படித்ததுமே பலருக்கு உலகம் முடியும் நாள் பற்றிய பயம் வந்துவிடுகிறது. இப்படிக் காட்சிகளாலும் குறியீடுகளாலும் பேசுவதே வெளிப்பாட்டு மொழி. பைபிளையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு அதே வசனத்தில் தொடங்குவோம்.

முதல் படி: பழைய வரியைத் தேடுங்கள்.
ஒத்த வசனங்களைக் காட்டும் ஒத்துவாக்கியக் குறிப்பு உங்களை ஏசாயா 13:10க்கு அழைத்துப் போகும். அங்கேயும் சூரியன் இருள்கிறது. உடனே அந்த அதிகாரத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள்: பேச்சு பாபிலோனைப் பற்றியது. 17ஆம் வசனத்தில், பின்னாளில் பாரசீகப் பேரரசோடு இணைந்த மேதியர் வருகிறார்கள். கி.மு. 539இல் பாபிலோன் பாரசீகரிடம் வீழ்ந்தது. சூரியன் வழக்கம்போல் உதித்தது. எசேக்கியேல் 32:7இல் எகிப்தின் பார்வோனுக்கும் இதே வானம் இருள்கிறது. பேரரசு சரிவதைச் சொல்லத் தீர்க்கதரிசிகள் கையாண்ட மொழி இது. 'தலையில் இடி விழுந்தது' என்று ஒருவர் சொன்னால் நாம் மேகத்தைத் தேடுவதில்லையே.

இரண்டாம் படி: நூலே விளக்கம் தருகிறதா?
தானியேல் 7இல் வரும் நான்கு மிருகங்களும் நான்கு ராஜாக்கள் என்று 17ஆம் வசனமே சொல்லிவிடுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த நான்காம் எஸ்றா என்ற யூத நூல் இன்னும் வியப்பானது. எஸ்றாவின் கனவில் வந்த கழுகு, தானியேல் கண்ட நான்காம் அரசுதான்; ஆனால் தானியேலுக்கு இப்படி விளக்கப்படவில்லை என்கிறது. கழுகு ரோமைக் குறிக்கிறது. பழைய படத்தைப் புதிய பேரரசுக்குப் பொருத்துகிறோம் என்பதை அந்த நூல் ஒளிக்கவே இல்லை.

மூன்றாம் படி: எண்ணைக் கூட்டிப் பாருங்கள்.
வெளிப்படுத்தின விசேஷம் 13:18 ஒரு மிருகத்தின் எண் 666 என்கிறது; அது ஒரு மனிதனின் எண் என்றும் சொல்கிறது. எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. ரோமப் பேரரசன் நீரோவைக் குறிக்கும் 'நேரோன் கேசர்' என்பதை எபிரேயத்தில் எழுதினால் 50, 200, 6, 50, 100, 60, 200. கூட்டினால் 666. அந்த வசனத்தின் சில பழைய பிரதிகளில் 616 என்று இருக்கிறது. 'நேரோன்' என்பதன் கடைசி எழுத்தை விட்டு 'நேரோ' என்று எழுதினால் 50 குறைந்து அதுவும் சரியாக வருகிறது. அந்த மிருகம் நீரோவைச் சுட்டுகிறது என்ற விளக்கத்தை நான் ஏற்பதற்கு இதுவே காரணம்.

நான்காம் படி: 'வெறும் உருவகம்' என்று மூடிவிடாதீர்கள்.
மாற்கு 13 எருசலேம் ஆலயத்தின் கற்களைப் பற்றிய பேச்சில் தொடங்குகிறது; கி.பி. 70இல் ரோமப் படை அந்த ஆலயத்தை அழித்தது. இருளும் சூரியன் அந்த அழிவைச் சொல்கிறதா, அதற்கும் அப்பாலா என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. எப்படியானாலும், எழுதியவர்களுக்குக் கடவுள் வரலாற்றில் செயல்படுவது மெய்யான செய்தி.

இனி நீங்களே செய்ய ஒரு பயிற்சி: மாற்கு 13:26இல் மனுஷகுமாரன் மேகங்களில் வருகிறார். தானியேல் 7:13ஐத் திறந்து, அங்கே அவர் யாரிடம் போய்ச் சேருகிறார் என்ற சொல்லின் கீழ்க் கோடிடுங்கள்.