ஸ்கேன் அறிக்கையைக் கொண்டு சிசுவின் வளர்ச்சியைக் கவனிக்கும் முறை

முதல் ஸ்கேனை 11ஆம் வாரத்துக்கும் 14ஆம் வாரத்துக்கும் இடையில் எடுத்துவிட வேண்டும். அந்தப் பருவத்தில் எல்லாச் சிசுக்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால், உச்சந்தலையிலிருந்து புட்டம் வரையுள்ள நீளத்தை அளந்தே கர்ப்பத்தின் வயதைச் சில நாட்கள் மட்டுமே பிசகும்படி கணித்துவிடலாம். கடைசி மாதவிலக்கு எப்போது என்று மருத்துவமாது கேட்கையில், "மாரியம்மன் திருவிழாவுக்கு முந்திய கிழமை" என்று சொல்லும் தாய்மாருக்கு இந்த ஸ்கேன் மிகவும் அவசியம்.

திகதி பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். ஸ்கேனில் சிசுவின் எடை 1,350 கிராம் என்று வருகிறது. கர்ப்பம் 29 வாரம் என்றால் அது இயல்பான எடை. 32 வாரம் என்றால் கவலைப்பட வேண்டிய குறை எடை. எது சரி என்பதை முதல் ஸ்கேன் அறிக்கையே தீர்த்து வைக்கும். அந்த ஸ்கேனுக்காகத் தோட்டத்தில் ஒரு நாள் பேர் (ஒரு நாள் சம்பளம்) போனாலும் போகட்டும் என்பதே என் எண்ணம்.

உறுப்புகளின் அமைப்பைப் பார்ப்பதற்கான ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கப்படும். அதன் பிறகு, சாதாரணமாக, கிளினிக்கில் அளவு நாடாவால் தாயின் வயிற்றின் உயரத்தை அளந்தே வளர்ச்சியைக் கவனிப்பார்கள். அந்த உயரம் வாரக் கணக்குக்குக் குறைந்தாலோ, தாய்க்கு இரத்த அழுத்தமோ நீரிழிவோ இருந்தாலோ, முந்தைய குழந்தை எடை குறைந்து பிறந்திருந்தாலோ வளர்ச்சி ஸ்கேன் தேவைப்படும். இலங்கையின் தேயிலைத் தோட்டப்புறங்களில் எடை குறைந்த பிறப்புகள் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட அதிகம் என்பதால், நாடா காட்டும் குறையை "சின்ன உடம்புக்காரி, பிள்ளையும் சின்னதாகத்தான் இருக்கும்" என்று தள்ளிவிடக் கூடாது.

வளர்ச்சி ஸ்கேனில் சிசுவின் தலையின் அகலம், தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடையெலும்பின் நீளம் ஆகியவற்றை அளந்து எடையை மதிப்பிடுவார்கள். இவற்றுள் வயிற்றுச் சுற்றளவை முதலில் பார்க்க வேண்டும். ஊட்டம் குறையும்போது சிசு தன் மூளைக்கு இரத்தத்தை ஒதுக்கிக்கொண்டு ஈரலின் சேமிப்பைச் செலவிடுவதால், தலை வளர்ந்துகொண்டிருக்கையிலேயே வயிறு பின்தங்கிவிடும். மதிப்பிட்ட எடையில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து வரை பிழை இருக்கலாம். எனவே ஒரே எண்ணைக் கண்டு பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். குறைந்தது இரண்டு வார இடைவெளியில் எடுத்த இரு ஸ்கேன்களை ஒப்பிட வேண்டும். அதைவிடக் கிட்டக் கிட்ட எடுத்தால் அளவைப் பிழையே வளர்ச்சிபோலத் தோன்றும். 28ஆம் வாரத்தில் 1,100 கிராமாக இருந்த சிசு 32ஆம் வாரத்தில் 1,450 கிராம்தான் என்றால், சுமார் 700 கிராம் கூடியிருக்க வேண்டிய இடத்தில் பாதியே கூடியிருக்கிறது.

அப்போது மருத்துவர் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கேன் மூலம் தொப்புள்கொடி நாடியின் (தமனியின்) இரத்த ஓட்டத்தைப் பார்ப்பார். இதயத் துடிப்புகளுக்கு இடையில் அந்த ஓட்டம் நின்றுபோனாலோ பின்னோக்கிப் பாய்ந்தாலோ நச்சுக்கொடி மிகவும் பழுதடைந்துள்ளது என்று பொருள்; பிரசவத்தை எப்போது நடத்துவது என்பதை அன்றே தீர்மானிக்க வேண்டியிருக்கும். பன்னீர்க்குட நீரின் ஆழமும் அளக்கப்படும். ஆகக் கூடிய ஆழமே 2 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் நீர் போதவில்லை.

20ஆம் வாரத்தில் நச்சுக்கொடி தாழ்ந்திருப்பதாகச் சொன்னால் கலங்க வேண்டியதில்லை. கருப்பை விரிய விரிய அது பெரும்பாலும் மேலேறிவிடும். 32ஆம் வாரத்தில் மறுபடி பார்த்தும் கருப்பை வாயை மூடியிருந்தால், நிலைமை வேறு. தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து (மலை உச்சிப் பிரிவிலிருந்து) மழையில் லொறியிலோ முச்சக்கர வண்டியிலோ இறங்கி வரும் நேரத்துக்குள் இரத்தப்போக்கு கைமீறிவிடக்கூடும் என்பதால், சத்திரசிகிச்சையும் இரத்த வங்கியும் உள்ள நுவரெலியா, பதுளை போன்ற பெரிய வைத்தியசாலைக்கு அருகில் எப்போது வந்து தங்குவது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

எல்லா ஸ்கேன் அறிக்கைகளையும் கிளினிக் கொப்பியோடு ஒரே பொலித்தீன் உறையில் வைத்திருங்கள். வயிற்றில் பிள்ளையின் துடிப்பு (அசைவு) குறைந்தாலோ, இரத்தமோ நீரோ கசிந்தாலோ, கடுந்தலைவலியோடு பார்வை மங்கினாலோ, போன கிழமை ஸ்கேன் நன்றாயிருந்தது என்று அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல், அந்த உறையை எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும்.