நம்பர் எழுதி குடுத்தா உதவி ஆயிடுமா?

மனநல பிரச்சனையோட வர்றவங்ககிட்ட பேசி, டாக்டர்கிட்ட அனுப்பி வைக்கிற வேலை எங்களுது. போன வாரம் அதுக்கு புதுசா வந்த வாலண்டியர்ஸ் கூட உக்காந்திருந்தேன். ஆரம்பத்துல நான் என்னென்ன சொதப்புனேனோ அதையே அச்சு மாறாம பண்றாங்க, சிரிப்பும் வந்துச்சு கடுப்பும் வந்துச்சு. ரகசியத்தை வெளிய சொல்லாதே, "இதெல்லாம் ஒரு பிரச்சனையா"ன்னு கேக்காதே, இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல, அதை விட்டுடறேன்.

நம்பர் குடுத்துட்டு கை கழுவறது

இன்னிக்கும் எனக்கு பத்திக்கிட்டு வர்ற தப்பு இதான், ஏன்னா நானே பண்ணிருக்கேன். காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிற பையன் ஒருத்தன் வந்தான், தூக்கம் இல்ல, கிளாஸுக்கு போறதில்ல, ஃபிரண்ட்ஸ் போன் பண்ணா எடுக்கறதில்ல. ஒரு மணி நேரம் பேசினோம், நல்லா பேசிட்டோம்னு எனக்கே உள்ளுக்குள்ள ஒரு பெருமை. கடைசியில ஒரு சீட்டுல டாக்டர் நம்பரை எழுதி, "போன் பண்ணி அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கோப்பா"ன்னு அனுப்பிட்டு, ரெஜிஸ்டர்ல 'ரெஃபர் பண்ணியாச்சு'ன்னு ஒரு டிக் போட்டேன்.

ஏழு மாசம் கழிச்சு திரும்ப வந்தான், படிப்பையே விட்டுட்டு, முன்னைவிட மோசமா. டாக்டரைப் பாத்தியான்னு கேட்டேன். பர்ஸ்ல இருந்து அதே சீட்டை எடுத்தான். மடிச்ச இடமெல்லாம் நைஞ்சு கிழிஞ்சிருந்துச்சு, அத்தனை தடவை பிரிச்சு பாத்திருக்கான். "மூணு தடவை அடிச்சேன்ணா. அந்தப் பக்கம் ஹலோன்னாங்க, எதை சொல்லி ஆரம்பிக்கறதுன்னு தெரியல, கட் பண்ணிட்டேன்."

டிப்ரஷன்ல ஒரு காரியத்தை ஆரம்பிக்கிற தெம்பே போயிடும், அந்த தெம்பு இல்லைன்னு வந்தவன் தலையிலயே நான் அந்த வேலையை கட்டிட்டு டிக் போட்டிருக்கேன்! இப்பவும் புதுசா வர்றவங்க "நம்பர் குடுத்துட்டேன் சார்"னு பெருமையா சொல்றப்ப எனக்கு அந்த சீட்டுதான் கண்ணுல நிக்குது.

இப்ப நான் பண்றது இதான். அவங்களுக்கு சம்மதம்னா அங்கயே போன் பண்ண வைப்பேன், போன் அவங்க கையில, நான் பக்கத்துல. முதல் வரியை ரெண்டு பேரும் சேந்து பேப்பர்ல எழுதிப்போம், "ரெண்டு மாசமா தூக்கம் சரியில்ல, டாக்டரைப் பாக்கணும்", அவ்வளவு போதும், மிச்சத்தை அந்தப் பக்கம் கேட்டுப்பாங்க. தேதியும் நேரமும் முடிவாகாம எந்திரிக்க மாட்டேன். எப்படி போவ, கூட யார் வருவா, வீட்ல என்ன சொல்லிட்டு கிளம்புவ, இதையும் கேட்டுடணும், பாதி பேர் மாட்டிக்கிறது இங்கதான். மறுநாள் ஒரு போன். போகலைன்னா திட்டு கிடையாது, வேற தேதி போடுவோம்.

ஸ்கோரை மட்டும் பாக்கறது

டிப்ரஷன் இருக்கா, எவ்வளவு இருக்குன்னு பாக்கற பிஎச்கியூ-9 ஃபார்ம்ல ஒன்பது கேள்வி, கடந்த ரெண்டு வாரத்தைப் பத்தி, மொத்தம் 0-ல இருந்து 27 வரைக்கும் மார்க். 10 வந்தா மேற்கொண்டு பாக்கணும்கறது வழக்கம். அதுக்காக 7 வந்தவங்களை "உங்களுக்கு ஒன்னும் இல்ல"ன்னு அனுப்பிடாதீங்க. ஒன்பதாவது கேள்வி செத்துப்போனா நல்லாருக்கும், நம்மளை நாமே காயப்படுத்திக்கலாம்ங்கற நினைப்பைப் பத்தினது. கூட்டல் போடறதுக்கு முன்னாடி அந்த வரியைப் பாருங்க. அங்க பூஜ்யத்தைத் தவிர வேற எது இருந்தாலும் மொத்தம் எவ்வளவுங்கறதெல்லாம் அப்புறம்.

தற்கொலை பத்தி கேட்டா எண்ணம் வந்துடும்ங்கறது

வராது. நேரா கேளுங்க. ஆமான்னா தனியா விடாதீங்க, அப்பவே அவசர உதவிக்கு கூட்டிட்டு போங்க.

வயசுக்கோளாறுன்னு தள்ளிப்போடறது

பல ஆய்வுகளை ஒன்னா சேத்து 2021-ல வந்த ஒரு தொகுப்புப்படி, மனநல பிரச்சனை வர்றவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு 18 வயசுக்குள்ளயே அது ஆரம்பிச்சிடுது. "வளர்ந்தா சரியாயிடும்"னு நாம ஒதுக்கற வயசு சரியா அதேதான்.

பெரிய வார்த்தை

டிப்ரஷன்னு ஆரம்பிச்சா ஆள் எந்திரிச்சு போயிடும். ஜிம்பாப்வேல கிளினிக் வாசல்ல பெஞ்ச் போட்டு பாட்டிமார்களை உக்கார வச்சு பேச வைக்கிறாங்க, டிப்ரஷன்ங்கற வார்த்தைக்கு பதிலா அங்க சொல்றது 'குஃபுங்கிசிசா', அதாவது ரொம்ப யோசிக்கறது. தூக்கம் எப்படி இருக்குன்னு கேளுங்க, மிச்சம் தானா வரும்.

ஒரு தடவை போஸ்டர் ஒட்டிட்டு நிறுத்தறது

நார்வேல ரோகாலாண்ட் பகுதியில 1997-ல இருந்து மனநோய் பத்தின விளம்பரம், தேடிப் போய் பாக்கற டீம்னு ரெண்டையும் சேத்து நடத்தினாங்க. சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேக்கறது, நடக்காததை நடக்குதுன்னு நம்பறது மாதிரி நிலைமை) ஆரம்பிச்சு சிகிச்சைக்கு வர்றதுக்கு சராசரியா ஒன்றரை வருஷம் ஆனது அரை வருஷமா குறைஞ்சுது. அப்புறம் டீமை வச்சுக்கிட்டு விளம்பரத்தை நிறுத்தினாங்க, தாமதம் மறுபடி கூடிடுச்சு. ஒவ்வொரு வருஷமும் புதுசா ஒருத்தருக்கு ஆரம்பிக்குது, போன வருஷ போஸ்டரை அவர் எங்க பாத்தார்?

டைமிங்

படிக்கிறவங்க, வேலைக்கு போறவங்க யாருமே வர முடியாத நேரத்துல மட்டும் மையத்தை திறந்து வச்சுட்டு, "ரெஸ்பான்ஸ் இல்ல"ன்னு ரிப்போர்ட் எழுதாதீங்க.