உள்ளூர் ராக் இசைக்குழுவின் தோற்றத்தையும் உறுப்பினர்களையும் பதிவு செய்வது எப்படி?

ஒரு ராக் இசைக்குழு எப்போது தொடங்கியது என்று அதில் இருந்த நால்வரிடம் தனித்தனியே கேட்டால் நான்கு விடைகள் வரும். நால்வரும் உண்மையையே சொல்லியிருப்பார்கள். இரண்டு நண்பர்கள் கிட்டாரோடு சேர்ந்து உட்கார்ந்த நாள், எல்லோரும் கூடி முதல் ஒத்திகை பார்த்த நாள், குழுவுக்குப் பெயர் வைத்த நாள், மேடை ஏறிய நாள் எல்லாம் வெவ்வேறு நாள்கள். அவற்றுள் தாம் உள்ளே வந்ததற்கு மிக அருகிலுள்ள நாளையே ஒவ்வொருவரும் தொடக்கமாக எண்ணிக்கொள்வது இயல்பு. ஆகவே இந்த வரலாற்றை எழுத முனைபவர் முதலில் ‘தொடக்கம்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பிரித்து, இந்த நான்கு நாள்களுக்கும் குறிப்பேட்டில் தனித்தனி வரி ஒதுக்கிவிட வேண்டும்.

உலகப் புகழ் பெற்ற குழுக்களுக்கும் இதே நிலைதான். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவை எடுத்துக்கொள்வோம். சிறுவயதில் அறிமுகமாகியிருந்த அதன் பாடகர் மிக் ஜாகரும் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸும் 1961 அக்டோபரில் இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில் மறுபடி சந்தித்தார்கள். அந்தக் குழு தன் பெயரோடு முதன்முதலாக மேடை ஏறியது 1962 ஜூலை 12 அன்று, லண்டனின் மார்க்யூ கிளப்பில். டிரம்ஸ் வாசிக்கும் சார்லி வாட்ஸ் வந்து சேர்ந்ததோ 1963 ஜனவரியில். குழு தோன்றிய ஆண்டு எது என்று கேட்பவருக்கு இந்த மூன்றில் எதைச் சொன்னாலும் ஒரு நியாயம் இருக்கிறது.

பேட்டிகளுக்குப் போகுமுன் காகிதங்களைத் திரட்டுங்கள். பழைய சுவரொட்டி, நுழைவுச்சீட்டு, கேசட்டின் உறைத்தாள், மேடையில் ஒட்டி வைத்த பாடல் வரிசை, ஒத்திகைக் கூடத்துக்கு வாடகை கொடுத்த ரசீது என எதையும் அற்பமென்று ஒதுக்க வேண்டாம். சுவரொட்டிகளில் பெரும்பாலும் ஆண்டு இருக்காது; ஆனால் தேதியும் கிழமையும் இருந்தால் அதுவே போதிய துப்பு. ‘ஜூன் 14, சனிக்கிழமை’ என்று அச்சிட்டிருந்தால், 1997 முதல் 2014 வரையிலான காலத்தில் 1997, 2003, 2008, 2014 ஆகிய ஆண்டுகளே பொருந்தும். இடையிலுள்ள ஆண்டுகள் பொருந்தா. குழுவில் யார் யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே ஆண்டுதான் எஞ்சும். டிஜிட்டல் படங்களின் தேதியை அப்படியே நம்பிவிடக் கூடாது: கேமராவின் கடிகாரம் தவறாக வைக்கப்பட்டிருக்கலாம், செய்திச் செயலி வழியாகக் கைமாறிய படத்தில் எடுத்த நேரத்தின் குறிப்பு பெரும்பாலும் அழிந்துபோயிருக்கும்.

காகிதமும் பொய் சொல்லும் என்பதை மறக்க வேண்டாம். நிகழ்ச்சிக்கு முன்னால் அச்சானது எதுவும் திட்டத்தைத்தான் காட்டும், நடந்ததை அல்ல. மேலே சொன்ன மார்க்யூ நிகழ்ச்சிக்கு முன்பு வெளியான செய்தியில் டிரம்ஸ் கலைஞராக மிக் ஏவரியின் பெயர் இருந்தது. அவரோ அன்று தாம் வாசிக்கவில்லை என்று பிற்காலத்தில் கூறியிருக்கிறார். அன்றிரவு எடுத்த புகைப்படமோ ஒலிப்பதிவோ கிடைத்தால் சுவரொட்டியைவிட அதற்கே முன்னுரிமை தர வேண்டும்.

பேட்டிகளை முதலில் தனித்தனியாகவும் பிறகு கூட்டாகவும் எடுங்கள். முதலிலேயே எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தால், உரக்கப் பேசுபவரின் நினைவே எல்லோருடைய நினைவாகிவிடும். அவர் பெரும்பாலும் பாடகராக இருப்பார். ‘எந்த ஆண்டு?’ என்ற கேள்வியால் பயனில்லை. அப்போது யாருடைய ஆம்ப்ளிஃபயரை இரவல் வாங்கினீர்கள், ஒத்திகை யார் வீட்டில் நடந்தது, அதை நிறுத்தச் சொன்னவர் யார், வேறு குழுக்களின் எந்தப் பாடல்களை வாசித்தீர்கள் என்று கேட்டால் நினைவு தானாக அவிழும். கடைசிக் கேள்வி குறிப்பாகப் பயன்படும்: ஒரு பாடலை அது வெளிவருவதற்கு முன் யாரும் மேடையில் வாசித்திருக்க முடியாது என்பதால், வாசித்த பாடல்களில் மிகப் புதியது எதுவோ அதற்குப் பிந்தியதுதான் அந்தக் கச்சேரி. கோபித்துக்கொண்டு விலகியவரையும் தேடிப் பிடியுங்கள். குழுவில் தொடர்ந்து இருந்தவர்கள் பலமுறை சொல்லிச் சொல்லி மெருகேற்றிய கதையை அவர் கேட்டிருக்க மாட்டார். அவரிடம் பழைய வடிவம் அப்படியே இருக்கும்.

இனி உறுப்பினர் அட்டவணை. பெயர், இசைக்கருவி, சேர்ந்த மாதம், விலகிய மாதம், ஆதாரம் என ஐந்து கட்டங்கள் போதும். சிக்கல் எழுவது யாரைச் சேர்ப்பது என்பதில்தான். 1964 ஜூனில் ரிங்கோ ஸ்டார் தொண்டை அழற்சியால் படுத்தபோது ஜிம்மி நிக்கல் சில நாள்கள் பீட்டில்ஸ் மேடைகளில் டிரம்ஸ் வாசித்தார்; அவரைக் குழுவின் உறுப்பினர் என்று யாரும் சொல்வதில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவரான பியானோ கலைஞர் இயன் ஸ்டீவர்ட் 1963இல் அதிகாரபூர்வ வரிசையிலிருந்து நீக்கப்பட்டும், பல ஆண்டுகள் அவர்களுக்காக வாசித்தார். எத்தனை மேடை ஏறினார் என்ற எண்ணிக்கையைவிட, என்ன வாசிப்பது, எங்கே வாசிப்பது என்ற முடிவுகளில் ஒருவருக்குக் குரல் இருந்ததா என்பதே என் பார்வையில் சரியான அளவுகோல். எந்த அளவுகோலைக் கொண்டாலும் அதை அட்டவணைக்கு மேலே எழுதிவிடுங்கள். மாற்றாக வந்தவர்களுக்குக் கீழே தனிப் பகுதி ஒதுக்குங்கள். கருவி மாறியவருக்கு இரண்டு வரிகள் தேவை: பீட்டில்ஸின் பேஸ் கிட்டார் கலைஞர் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் 1961இல் விலகிய பிறகுதான் பால் மெக்கார்ட்னி பேஸ் கிட்டாருக்கு மாறினார்.

பெயர் மாற்றங்களையும் விடாமல் குறியுங்கள். அயர்லாந்தின் யூ2 ராக் குழு ஓர் எடுத்துக்காட்டு: டப்ளின் பள்ளி ஒன்றின் அறிவிப்புப் பலகையில் லாரி மல்லன் ஒட்டிய தாளைப் பார்த்து 1976இல் கூடிய மாணவர்கள் ஃபீட்பேக், தி ஹைப் என்ற பெயர்களைக் கடந்து 1978இல்தான் யூ2 ஆனார்கள். பிற்காலப் பெயரை மட்டும் தேடினால் ஆரம்பகாலச் சுவரொட்டிகள் கண்ணில் படவே படா.

எழுதும்போது இருவர் கூற்று முரண்பட்டால் இரண்டையும் அவரவர் பெயரோடு தாருங்கள். சராசரி எடுத்துப் புதிய தேதி ஒன்றை உண்டாக்க வேண்டாம். விலகியதற்கான காரணம் பணம், உடல்நலம், காதல் ஆகியவற்றைத் தொட்டால், சம்பந்தப்பட்டவரின் அனுமதி இன்றி அச்சேற்றக் கூடாது. வரைவை எல்லோருக்கும் அனுப்பித் தகவல் பிழைகளை மட்டும் கேளுங்கள். தம் பங்கு குறைவாக எழுதப்பட்டிருப்பதாக ஒருவராவது சொல்வார். ஆதாரம் காட்டினால் திருத்துங்கள், இல்லையேல் அவர் கூற்றை அவர் பெயரோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.